தேர்வு, கலப்பு, கலப்பினம்: கால்நடை இனப்பெருக்கப் பாடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி உயிரியலில் கால்நடை இனப்பெருக்கம் ஒரு சின்னப் பாடம். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தேர்வு ஒரு வேலை, கலப்பு இன்னொரு வேலை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை, 'தேர்வு' என்றதும் பரீட்சைதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் இங்கே தேர்வு என்றால் தேர்ந்தெடுப்பது மட்டுமே. பரீட்சையைப் பரீட்சை என்றே எழுதுகிறேன்.

தேர்வு இனப்பெருக்கமும் கலப்பும் ஒன்றுதானே? இரண்டு பெயர் எதற்கு?

ஒன்று இல்லை. அடுத்த தலைமுறைக்கு யார் தாய் தகப்பன் ஆகலாம், யார் ஆகக் கூடாது என்று முடிவு செய்வது தேர்வு. அப்படி முடிவான விலங்குகளில் எதை எதோடு சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தால் உட்கலப்பு, வேறு இனத்தோடு சேர்த்தால் கலப்பினப்பெருக்கம்.

மரபியல் மொழியில் சொன்னால், தேர்வு ஒரு மந்தையில் எந்த அல்லீல் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று) எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை மாற்றுகிறது. கலப்பு அந்த அல்லீல்களைப் புது ஜோடிகளாக அடுக்குகிறது, வெளியிலிருந்து சிலவற்றைக் கொண்டும் வருகிறது. இரண்டுமே புது மரபணுவை உண்டாக்குவதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "கலப்பினால் புதிய மரபணு உருவாகிறது" என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் அதிகம். புது அல்லீல் உருவாவது திடீர்மாற்றத்தால், அதாவது மரபணுவிலேயே ஏற்படும் மாற்றத்தால் மட்டும்தான். வளர்ப்பவர் ஏற்கெனவே இருக்கிற சீட்டுக்கட்டைத்தான் கலைத்துப் போடுகிறார், நல்ல சீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார்.

இதை முதலில் ஆரம்பித்தது யார்?

'முதலில்' என்று ஒருவரைச் சொல்ல முடியாது, மனிதன் விலங்கைப் பழக்கிய நாளிலிருந்தே நடப்பதுதான். ஆனால் திட்டம் போட்டுச் செய்தவர் என்றால் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் டிஷ்லி என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பேக்வெல் (1725–1795) பெயர்தான் வரும். அதுவரை ஆணும் பெண்ணும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் திரியும், எது எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் கிடாக்களைத் தனியாக அடைத்தார், தான் நினைத்த ஜோடியை மட்டும் சேர்த்தார், கிடைத்த நல்ல குட்டிகளை மறுபடி உறவுக்குள்ளேயே சேர்த்தார். நியூ லெஸ்டர் என்ற செம்மறி இனம் அப்படித்தான் வந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். தன் கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகை வருமானம் ஒரு பக்கம். ஒரே கிடாவின் குட்டிகள் வெவ்வேறு மந்தைகளில் எப்படி வளர்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நல்ல குட்டிகளைத் தந்த கிடாவைத் தன் சொந்த மந்தைக்குத் திரும்ப அழைத்துக்கொள்ள முடிந்தது இன்னொரு பக்கம். மெண்டல் தன் பட்டாணி ஆய்வை வெளியிட்டது 1866ல். அதற்கு வெகு முன்பே, மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், சந்ததியைப் பார்த்துத் தகப்பனை எடைபோடும் முறை வந்துவிட்டது. டார்வினும் 1859ல் இயற்கைத் தேர்வைப் பற்றி எழுதியபோது முதல் அத்தியாயத்தை வளர்ப்பு விலங்குகளை வைத்துத்தான் தொடங்கினார். அதற்காகவே புறாக்களை வளர்த்துக் கலப்பு செய்து பார்த்தவர் அவர்.

நிறையப் பால் தரும் பசுவின் கன்றும் நிறையப் பால் தருமா?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று சொல்லிவிடுகிறோம். மரபியல் அதில் பாதியைக்கூட ஒப்புக்கொள்ளாது. ஒரு மந்தையில் பசுக்களுக்குள் பால் அளவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் மரபணுவால் வந்ததில்லை. தீனி, வயது, எத்தனையாவது ஈற்று, நோய், வெயில் எல்லாம் அதில் பங்கு கேட்கும். மொத்த வித்தியாசத்தில் மரபு வழியாகக் கன்றுக்குக் கடத்தப்படக் கூடிய பங்கு எவ்வளவோ அதை மரபுவழி விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். பால் அளவுக்கு இது சுமார் 0.3. பாலில் உள்ள கொழுப்பின் சதவீதத்துக்கு 0.5 பக்கம். சினை பிடிக்கும் திறன் போன்றவற்றுக்கு 0.1க்கும் கீழே.

ஒரு கணக்கு போட்டால் புரிந்துவிடும். மந்தையின் சராசரி நாளைக்கு 10 லிட்டர். அதில் பெற்றோராகத் தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி 14 லிட்டர். வித்தியாசம் 4. அதை 0.3ஆல் பெருக்கினால் 1.2. ஆக அடுத்த தலைமுறையின் சராசரி 11.2 லிட்டராக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், 14 இல்லை. மீதி 2.8 லிட்டர் எங்கே போனது என்றால், அது தாய்க்குக் கிடைத்த நல்ல தீனியும் நல்ல சூழலும் கொஞ்சம் அதிர்ஷ்டமும். அவை கன்றுக்குச் சொத்தாக வராது. அந்த 1.2கூட தாய், தகப்பன் இரு பக்கமும் அதே அளவு உயர்ந்ததாக இருந்தால்தான். ஒரு பக்கம் மட்டும் தேர்ந்தெடுத்து, மறுபக்கம் சராசரி விலங்கை விட்டால் 0.6தான் கிடைக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. விகிதம் அதிகமுள்ள பண்பைத் தேர்வினால் வேகமாக முன்னேற்றலாம். விகிதம் குறைவான பண்பில் தேர்வு ஆமை வேகத்தில்தான் நகரும், அங்கேதான் கலப்பு கைகொடுக்கும். ஏன் என்று கீழே, கலப்பின வீரியம் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

காளை பால் தராதே, அப்புறம் அதை எப்படிப் பாலுக்காகத் தேர்ந்தெடுப்பது?

நல்ல கேள்வி, வகுப்பில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் நூறு வருட ஆராய்ச்சி இதைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. காளைக்குள்ளும் பாலைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன, அவை வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரிய வேண்டுமென்றால் அதன் மகள்களைப் பார்க்க வேண்டும். காளை வளர்ந்து, மகள்கள் பிறந்து, அந்தக் கிடேரிகள் வளர்ந்து, சினையாகி, கன்று போட்டு, பால் கறந்து, அளந்து முடிக்க ஐந்தாறு வருடம் போய்விடும். பசுவின் சினைக்காலம் மட்டுமே ஏறக்குறைய 280 நாள். இதற்குச் சந்ததிச் சோதனை என்று பெயர்.

இப்போது இந்தக் காத்திருப்பு பெரிதும் குறைந்துவிட்டது. ஒரு விலங்கின் டி.என்.ஏவில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்து, அதை வைத்து அதன் மரபுத் தகுதியைக் கணிக்கலாம் என்ற முறையை 2001ல் மெயூவிசன், ஹேய்ஸ், காடார்ட் என்ற மூவர் முன்வைத்தார்கள். 2009ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு அது அதிகாரபூர்வ மதிப்பீடாகவே வந்துவிட்டது. கன்று பிறந்த சில நாளில் அதன் காதோரத் திசுவையோ முடியையோ எடுத்து ஓரளவு சொல்லிவிடலாம்.

உட்கலப்பு நல்லதா கெட்டதா? புத்தகத்தில் ஒரு பத்தியில் நன்மை, அடுத்த பத்தியில் தீமை என்று இருக்கிறதே?

இரண்டும் உண்மை, ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உறவுக்குள் சேர்க்கும்போது, ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே அல்லீல் இரண்டு பக்கமாகவும் வந்து ஒரே குட்டியில் ஜோடி சேரும் வாய்ப்பு கூடுகிறது. கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டியின் எந்த ஒரு மரபணு இடத்திலும் இப்படி நடக்க 25 சதவீத வாய்ப்பு. பெற்றோரும் பிள்ளையும் என்றாலும் அதே 25. தாய் மட்டும் அல்லது தகப்பன் மட்டும் பொதுவான உடன்பிறப்புகள் என்றால் 12.5.

நல்ல அல்லீல் இரட்டையாகிவிட்டால், அந்த விலங்கு யாரோடு சேர்ந்தாலும் அந்தப் பண்பைத் தவறாமல் கடத்தும். தூய கால்வழி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஆனால் ஒளிந்துகொண்டிருக்கும் கெட்ட ஒடுங்கு அல்லீலும் (இரட்டையாக இருந்தால்தான் வெளியே தெரிவது) அதே வழியில் இரட்டையாகும். அப்போது குட்டிகள் இறப்பு, சினை பிடிக்காமை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் எட்டிப்பார்க்கும். இதுதான் உட்கலப்பு வீழ்ச்சி. உட்கலப்பு கெட்ட மரபணுவை உருவாக்குகிறது என்று எழுதினால் தவறு. மறைந்திருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது என்று எழுதினால் சரி.

ஒரு நிஜக் கதை சொல்கிறேன். 1962ல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் காளை ஒன்று, பெயர் பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப். அதன் மகள்கள் கறந்த பாலைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதன் விந்தையே கேட்டார்கள், மகள்கள் மட்டுமே சுமார் 16,000. காளைக்குள் ஒரு கோளாறு அல்லீல் ஒற்றையாக இருந்தது, ஒற்றையாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பல தலைமுறை கழித்து அதன் வாரிசுகளே தங்களுக்குள் சேர்ந்தபோது அது இரட்டையாகிக் கருக்கள் கலைய ஆரம்பித்தன. கண்டுபிடித்த விதம்தான் அழகு. ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தரவுகளை அலசியவர்கள் 2011ல் ஒன்றைக் கவனித்தார்கள்: குரோமோசோமின் ஒரு துண்டு ஒற்றையாக நிறைய மாடுகளில் இருக்கிறது, ஆனால் இரட்டையாக ஒரு மாட்டில்கூட இல்லை. இருந்திருக்க வேண்டிய மாடுகள் பிறக்கவே இல்லை. அந்த ஒரு அல்லீலால் உலகம் முழுக்க ஐந்து லட்சம் கருக்கள் வரை கலைந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

கலப்பின வீரியம் என்றால் குட்டி இரண்டு பெற்றோரையும் மிஞ்சிவிடும் என்றுதானே அர்த்தம்?

இல்லை, பரீட்சையில் மிக அதிகமாக மதிப்பெண் போகும் இடம் இது. குட்டியை ஒப்பிட வேண்டியது பெற்றோரின் சராசரியோடு, உசத்தியான பெற்றோரோடு இல்லை. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஓர் இனம் 8 லிட்டர், மற்றது 20 லிட்டர். சராசரி 14. கலப்பின மகள்கள் 15.4 லிட்டர் கறந்தால் வீரியம் 1.4 லிட்டர், அதாவது 10 சதவீதம். 20 லிட்டர் கறக்கும் தாயினத்தை அவை தொடக்கூட இல்லை, ஆனாலும் வீரியம் இருக்கிறது.

அப்புறம் ஏன் கலக்கிறார்கள் என்றால், 20 லிட்டர் இனம் குளிர்ந்த நாட்டில், நிறைய அடர்தீவனம் தின்று கறக்கிற 20 லிட்டர். வெப்பமும் உண்ணியும் உள்ள இடத்தில் அதை நிறுத்தினால் அது கறப்பதே வேறு கதை. 8 லிட்டர் இனம் அங்கே அசராமல் நிற்கும். கலப்பினம் இரண்டுக்கும் நடுவில் நின்று, வீரியத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, உயிர் பிழைத்து வருடா வருடம் கன்றும் போடும்.

இந்த வீரியம் வருவதன் காரணம், மேலே பார்த்த உட்கலப்பு வீழ்ச்சியை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் கிடைக்கும். ஒவ்வோர் இனத்திலும் சில கெட்ட ஒடுங்கு அல்லீல்கள் இரட்டையாகிப் போயிருக்கும், ஆனால் இந்த இனத்தில் இரட்டையானது அந்த இனத்தில் ஆகியிருக்காது. கலக்கும்போது ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. சில இடங்களில் இரு வேறு அல்லீல்கள் சேர்ந்திருப்பதே தனியாக ஒரு நன்மையாகவும் இருக்கலாம். இனங்களுக்கு இடையில் தூரம் அதிகமாக இருந்தால் வீரியமும் அதிகம். திமில் உள்ள மாடும் திமில் இல்லாத மாடும் தனித்தனி இடங்களில் பழக்கப்பட்டவை, அவற்றின் கலப்பில் வீரியம் நன்றாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். சினை பிடிப்பது, கன்று பிழைப்பது, நோய் தாங்குவது போன்ற, தேர்வுக்கு எளிதில் மசியாத பண்புகளில்தான் வீரியம் அதிகமாகத் தெரியும். தேர்வு தோற்கும் இடத்தில் கலப்பு ஜெயிக்கிறது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

கலப்பினம் அவ்வளவு நன்றாக இருந்தால், கலப்பினத்தையே கலப்பினத்தோடு சேர்த்துக்கொண்டு போகலாமே?

போகலாம், ஆனால் முதல் தலைமுறையில் கிடைத்தது அப்படியே நிற்காது. ஷார்ட்ஹார்ன் மாட்டின் நிறத்தை வைத்துப் பாருங்கள், கண்ணால் பார்க்கிற மாதிரி விளங்கும். சிவப்பு மாட்டையும் வெள்ளை மாட்டையும் சேர்த்தால் எல்லாக் கன்றும் சிவப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்த ரோன் நிறம். இரண்டு ரோனைச் சேர்த்தால்? நான்கில் ஒன்று சிவப்பு, இரண்டு ரோன், ஒன்று வெள்ளை. ரோன் என்பதே இரண்டு அல்லீலும் வேறு வேறாக இருக்கிற நிலை, எனவே ரோனையும் ரோனையும் சேர்த்து ரோன் மட்டுமே பிறக்கிற மந்தையை எவ்வளவு முயன்றாலும் உருவாக்க முடியாது.

வீரியத்துக்கும் இதே நியாயம். வேறு வேறு அல்லீல் சேர்ந்திருப்பதால் வந்தது வீரியம். முதல் தலைமுறைக்குள்ளேயே கலந்தால் அந்த நிலை பாதியாகிவிடும், வீரியமும் ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு இறங்கும். மூல இனம் ஒன்றோடு திரும்பச் சேர்த்தாலும் அதே 50தான். இரண்டு இனக் காளைகளைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி மாற்றி விட்டால் நாளடைவில் சுமார் 67 சதவீதத்தில் நிலைக்கும், மூன்று இனங்களைச் சுழற்றினால் 86.

முழு வீரியம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் தூய இனங்களிலிருந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டும். பிரிட்டனின் செம்மறி வளர்ப்பில் பெரும்பகுதி இப்படி அடுக்கப்பட்டது. மலை உச்சியில் குளிரைத் தாங்கும் ஸ்வேல்டேல் போன்ற இனம் தூயதாக வளரும். அதன் பெட்டைகளை ப்ளூஃபேஸ்டு லெஸ்டர் கிடாவோடு சேர்த்து, நிறையக் குட்டியும் நிறையப் பாலும் தரும் கலப்பினப் பெட்டையை எடுப்பார்கள். அதை அடிவாரத்தில் டெக்செல், சஃபோக் போன்ற இறைச்சி இனக் கிடாவோடு சேர்ப்பார்கள். அந்தக் கடைசிக் குட்டிகள் இறைச்சிக்கு, அவற்றைப் பெருக்குவதில்லை. நடுவில் வரும் அந்தக் கலப்பினப் பெட்டைக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை. மலட்டு விலங்கின் பெயரை, குட்டி போடுவதற்காகவே உருவாக்கிய ஆட்டுக்கு வைத்த குறும்பு யாருடையதோ.

அப்படியானால் கலப்பிலிருந்து நிலையான புது இனம் எப்படி வந்தது?

கலந்த பிறகு பல தலைமுறை விடாமல் தேர்வு செய்வதால். கலப்பு ஒரு நாள் வேலை, அதற்குப் பின்னால் இருபது முப்பது வருடம் தேர்வு. பாடப்புத்தகங்களில் வரும் ஹிசார்டேல் செம்மறி, பிகானேரிப் பெட்டையையும் மெரினோ கிடாவையும் சேர்த்துப் பஞ்சாபில் உருவாக்கப்பட்டது. கரன் ஸ்விஸ் மாடு, பிரவுன் ஸ்விஸ்ஸையும் சாஹிவாலையும் சேர்த்துக் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது.

டெக்சாஸின் கிங் ராஞ்ச் பண்ணையில் வந்த சாண்டா கெர்ட்ரூடிஸ் மாடு கணக்குப் போட வசதியானது. எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், எட்டில் மூன்று பங்கு பிராமன் என்று சொல்வார்கள். எட்டில் மூன்று எப்படி வரும்? பிராமனையும் ஷார்ட்ஹார்னையும் சேர்த்தால் குட்டியில் பிராமன் பங்கு 1/2. அதை ஷார்ட்ஹார்னோடு திரும்பச் சேர்த்தால் 1/4. இப்போது 1/2 உள்ளதையும் 1/4 உள்ளதையும் சேருங்கள்: இரண்டின் சராசரி 3/8. 1920ல் பிறந்த 'மங்கி' என்ற ஒரே காளை இந்த இனத்துக்கே மூலக்காளை, அதன் வாரிசுகளுக்குள் உட்கலப்பு செய்து பண்பை நிலைநிறுத்தினார்கள், 1940ல் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது. கவனித்தீர்களா, கலப்பு, உட்கலப்பு, தேர்வு மூன்றும் ஒரே கதையில் வருகின்றன.

வெளிக்கலப்பு, கலப்பினம், சிற்றினங்களுக்கு இடையிலான கலப்பு: சட்டென்று பிரித்துச் சொல்ல முடியுமா?

ஒரே இனம், ஆனால் நான்கு முதல் ஆறு தலைமுறைக்குப் பொது முன்னோர் கிடையாது என்றால் வெளிக்கலப்பு. உட்கலப்பு வீழ்ச்சிக்கு முதல் மருந்து அதுதான், பெரும்பாலும் ஒரு முறை செய்தாலே போதும். வேறு வேறு இனம் என்றால் கலப்பினப்பெருக்கம். குதிரை, கழுதை போல வேறு வேறு சிற்றினம் என்றால் மூன்றாவது.

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63, ஒற்றைப்படை. உடல் செல்களுக்கு இதனால் பிரச்சினை இல்லை, அதனால்தான் அது அவ்வளவு உறுதியாக இருக்கிறது. இனச்செல் (விந்து, கருமுட்டை) உருவாகும்போதுதான் குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாமல் திண்டாடுகின்றன. பெண் குதிரையும் ஆண் கழுதையும் சேர்ந்தால்தான் கோவேறு கழுதை. மாற்றிச் சேர்த்தால் வருவதற்குப் பெயரே வேறு, ஹின்னி.

இறைச்சிக் கோழி அவ்வளவு வேகமாக வளர்வது ஹார்மோன் ஊசியாலா?

இல்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், முடிவு 2014ல் வெளியானது. 1957ஆம் ஆண்டுக் கோழி வகையைத் தேர்வு எதுவும் செய்யாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள், 1978ஆம் ஆண்டு வகையும் இருந்தது. அவற்றையும் 2005ஆம் ஆண்டு வகையையும் ஒரே தீனி, ஒரே கூரையில் வளர்த்தார்கள். 56வது நாளில் எடை முறையே சுமார் 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீனி ஒன்றுதான், எனவே வித்தியாசம் மரபணுவில். இந்தக் கோழிகளும் மூன்று நான்கு தூய கால்வழிகளைக் கடைசியில் கலந்து எடுப்பவையே.

அந்த வேகத்துக்கு விலை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்புத் தசை வேகமாக வளர, காலும் இதயமும் அதே வேகத்தில் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஒரே பண்பைத் துரத்தினால் அதோடு ஒட்டியிருப்பதும் கூடவே வரும். பன்றிகளில் கொழுப்புக் குறைந்த இறைச்சிக்காகத் தேர்ந்தெடுத்தபோது, தசை நிறைய வளரச் செய்கிற ஓர் அல்லீலும் தெரியாமலேயே பெருகியது. அது இரட்டையாக உள்ள பன்றி வண்டியில் ஏற்றினாலே பதற்றத்தில் உடல் கொதித்துச் சாகலாம். பெல்ஜியன் புளூ மாட்டில் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணு வேலை செய்யாது, அதனால் பயில்வான் உடம்பு, ஆனால் கன்று பெரிதாக இருப்பதால் பெரும்பாலும் அறுவை செய்துதான் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படித் தேர்ந்தெடுத்துக் கலப்பது மரபணு மாற்றம்தானே? செயற்கை கருவூட்டலும் கலப்பும் ஒன்றா?

இரண்டுக்கும் இல்லை. மரபணு மாற்றத்தில் ஆய்வகத்தில் டி.என்.ஏவிலேயே கை வைப்பார்கள். இங்கே விலங்குகள் சேர்கின்றன, அவ்வளவுதான். செயற்கை கருவூட்டல் ஒரு கருவி. பேச்சு வழக்கில் சினை ஊசி என்பது அதைத்தான். அதே இனக் காளையின் விந்தைப் போட்டால் கலப்பே நடக்கவில்லை. விந்தைக் கிளிசரால் சேர்த்து உறையவைத்துப் பாதுகாக்கலாம் என்று 1949ல் கண்டுபிடித்த பிறகு ஒரு காளை செத்த பின்னும் தகப்பனாக முடிந்தது. அர்லிண்டா சீஃபின் கெட்ட அல்லீல் அவ்வளவு தூரம் பரவ வழி செய்ததும் இதே வசதிதான்.

பன்னெட் சதுரம் இந்தப் பாடத்தில் உண்மையிலேயே எதற்காவது பயன்படுகிறதா?

பயன்படுகிறது. தாய், தகப்பன் தரும் அல்லீல்களைக் கட்டம் போட்டு ஜோடி சேர்த்து, குட்டிகளில் எது எத்தனை வரும் என்று பார்ப்பதுதான் பன்னெட் சதுரம். அந்தச் சதுரத்துக்குச் சொந்தக்காரரான ரெஜினால்ட் பன்னெட்டே கோழி ஆராய்ச்சி செய்தவர். முதல் உலகப்போரின்போது, தீனித் தட்டுப்பாட்டில் சேவல் குஞ்சுகளை முதலிலேயே பிரித்தெடுக்க இறகு நிறத்தைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். கோழிகளில் பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூ என்று வேறு வேறு பாலினக் குரோமோசோம், சேவலுக்கு இரண்டும் இசட். இறகில் பட்டைபோட்ட பிளிமத் ராக் பெட்டையின் ஒரே இசட்டில் பட்டை அல்லீல் இருக்கிறது, அது ஓங்குபண்பு, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலின் இரண்டு இசட்டிலும் அது இல்லை. இந்த ஜோடியைச் சேர்த்துச் சதுரம் போடுங்கள்: தாயின் இசட் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே போகும், ஆகவே பட்டை ஆண்களுக்கு மட்டும். பொரிந்த அன்றே ஆண் குஞ்சின் தலையில் வெளிறிய புள்ளி தெரியும், பெண் குஞ்சுக்கு இருக்காது. சேவலையும் பெட்டையையும் இனம் மாற்றிப் போட்டால் இந்த வித்தை பலிக்காது, ஏன் என்று இன்னொரு சதுரம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வகுப்பில் செய்து பார்க்க முடியுமா, விலங்கு இல்லாமல்?

விதையோ மணியோ போதும், இரண்டு நிறம், நிறத்துக்கு 20. ஒவ்வொரு மணியும் ஓர் அல்லீல், இரண்டு மணி சேர்ந்தால் ஒரு மாடு. சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்று என்று ஜோடி போட்டால் 20 ரோன் மாடுகள், இது முதல் தலைமுறை. எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் இரண்டிரண்டாக எடுங்கள். ஏறக்குறைய 10 ரோன் வரும், மீதி சிவப்பும் வெள்ளையும், சரியாக 5, 10, 5 வராவிட்டால் பயப்பட வேண்டாம். இப்போது ரோன் மாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டுத் திரும்பக் குலுக்குங்கள். மறுபடி பாதிதான் ரோன், எத்தனை முறை செய்தாலும் அதே. அடுத்து ரோனுக்குப் பதிலாக, வெள்ளை மாடுகளை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் தள்ளிப் பாருங்கள், வெள்ளை மணி குறைந்துகொண்டே வரும், ஆனால் ரோனுக்குள் ஒளிந்துகொண்டு ஒன்றிரண்டு வெகு நேரம் பைக்குள் கிடக்கும்.